மெராப்பியின் வழக்கம்

எரிமலை என்றதும், பல நூறு ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, ஒரு நாள் எதிர்பாராத வகையில் விழித்தெழுந்து, சுற்றுப்புறத்தையெல்லாம் சாம்பலாக்கிவிட்டு, மீண்டும் உறங்கப் போகும் பூதம் ஒன்றையே நம்மிற் பலர் எண்ணிக்கொள்கிறோம். சில எரிமலைகள் அத்தகையனவே. ஆனால் ஜாவாத் தீவின் நடுவே நிற்கும் மெராப்பி உறங்குவது அரிது. 1548-ஆம் ஆண்டு தொட்டு அறுபதுக்கும் மேற்பட்ட முறை அது சீறியதாகக் குறிப்புகள் உள்ளன. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சிறு சீற்றம்; பல தலைமுறைகளுக்கு ஒரு முறை பெருஞ்சீற்றம்; இடைப்பட்ட நாட்களிலும் உச்சியில் புகை. அதன் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அம்மலை அந்நியமான பொருளன்று. குணம் அறிந்து பழகிய அண்டை வீட்டாரைப் போன்றது. எந்தப் பக்கமாகச் சரியும், எவ்வளவு தூரம் வரும், எத்தனை நாளில் அடங்கும் என்றெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். சரியாக இராமற் போன சில முறைகளைப் பற்றியும், அவற்றின் காரணங்களைப் பற்றியும் இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

நடு ஜாவா மாகாணமும் யோக்யகர்த்தா தனிப்பகுதியும் கூடும் எல்லையில் மெராப்பி நிற்கிறது. யோக்யகர்த்தா நகரம் அதற்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மேகமற்ற விடியற்காலையில் நகரத் தெருக்களிலிருந்தே மலையின் கூம்பைக் காணலாம். உயரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,900 மீட்டர். அதற்கு மேல் நுட்பமான எண் சொல்வதிற் பயனில்லை. ஒவ்வொரு சீற்றத்திலும் உச்சி சில மீட்டர் வளர்கிறது, அல்லது இடிந்து குறைகிறது. 'ஆப்பி' என்னும் சொல்லுக்கு அந்நாட்டு மொழியில் நெருப்பு என்பது பொருள். சுமத்ராத் தீவின் மேற்குப் பகுதியில் மராப்பி என்று மற்றோர் எரிமலை உண்டு. 2023 டிசம்பர் மாதத்தில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது அதுவே. இரு பெயர்களையும் ஒன்றாகக் கருதி மயங்குவோர் பலர் ஆதலால் இதனை முன்னரே சொல்லிவிடுவது நன்று.

இம்மலை இங்கே எழுந்ததற்குக் காரணம் என்ன? பூமியின் மேலோடு ஒரே ஓடாக இல்லை. பல பெருந்தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஆஸ்திரேலியாவைத் தாங்கி நிற்கும் தட்டு ஆண்டொன்றுக்கு ஆறு அல்லது ஏழு சென்டிமீட்டர் வீதம் வடக்கு நோக்கி நகர்ந்துவருகிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று கொள்ளலாம். ஜாவாவுக்குத் தெற்கே, கடலடியில், மிக ஆழமான அகழி ஒன்று கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. நகர்ந்துவரும் தட்டு அவ்வகழியில் தலை சாய்த்து, ஜாவாவைத் தாங்கும் தட்டின் அடியிற் புகுந்து கீழே இறங்குகிறது. இந்த அகழியே வடமேற்காகத் திரும்பிச் சுமத்ராவைக் கடந்து அந்தமான் வரையில் செல்கிறது. அதன் வடபகுதி 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஒரேயடியாக வழுக்கியபோதுதான் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கடல் ஊருக்குள் ஏறியது. ஆகவே மெராப்பியை எழுப்பிய ஆற்றல் நமக்கு முற்றிலும் தொடர்பற்ற ஒன்று என்று சொல்வதற்கில்லை.

இறங்கும் தட்டு கடல்நீரில் ஊறியது. அதன் கனிமங்களில் நீர் சிறைப்பட்டிருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எய்தும்போது, அங்குள்ள வெப்பமும் அழுத்தமும் அந்நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. வெளிப்பட்ட நீர் மேலே உள்ள சூடான பாறையிற் கலக்கிறது. பனிக்கட்டியில் உப்பைக் கலந்தால் அது தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகத் தொடங்குவதைக் கண்டிருக்கிறோம். பாறைக்கு நீர் செய்வதும் அதுவே. உருகிய பாறைக்குழம்பு சுற்றியுள்ள கல்லைவிட இலேசானதாகையால் மெல்ல மெல்ல மேலேறுகிறது. மெராப்பியின் அடியில் அக்குழம்பு வழியிற் சுண்ணாம்புக்கல் படுகைகளைச் சந்திக்கிறது. அவை பண்டைக் கடலில் படிந்தவை. சூளையில் இட்ட சுண்ணாம்புக்கல்லைப் போல அவை வெந்து கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. மலை சில வேளைகளில் வழக்கத்திற்கு மீறிச் சீறுவதற்கு இந்த மிகை வாயுவும் ஒரு காரணமாகலாம் என்று கருதும் ஆராய்ச்சியாளர் உண்டு.

இனி, மேலே வந்து சேரும் குழம்பின் இயல்பைக் கவனிக்க வேண்டும். வெல்லப்பாகு காய்ச்சுவோர்க்குப் பதங்கள் தெரியும். இளம்பாகு ஓடும், முற்றிய பாகு நகராது, குவிந்து நிற்கும். ஹவாய்த் தீவின் எரிமலைக் குழம்பு இளம்பாகு போன்றது. அது பல கிலோமீட்டர் தூரம் ஆறாக ஓடும். ஆயினும் ஆட்கள் விலகி நடந்து தப்பித்துக்கொள்ளலாம். மெராப்பியின் குழம்பில் சிலிக்கா மிகுதி. அது ஓடாமல் உச்சியில் உள்ள வாயிலேயே குவிந்து, மேலே ஆறி இறுகி, உள்ளே கனன்றபடி, ஒரு கும்மட்டமாக வளர்கிறது. நாளுக்கு நாள் பருத்து, தன் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து, இடிந்து விழுகிறது. செஞ்சூடான கற்பாளங்கள் உருண்டு நொறுங்கி, தமக்குள் அடைபட்டிருந்த வாயுவை வெளிவிட்டு, பொடியும் கல்லும் கனற்காற்றுமாகச் சரிவில் இறங்குகின்றன. எரிமலை நூலார் இதனைக் கனல் மேகம் என்பர். இதன் சூடு பல நூறு பாகை. வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரும் அதற்கு மேலும். அகப்பட்டவர் ஓடித் தப்புவது என்பது இல்லை. கும்மட்டம் இடிவதால் உண்டாகும் கனல் மேகத்திற்கு 'மெராப்பி வகை' என்றே உலகெங்கும் பெயர் வழங்குகிறது.

சரிவில் வாழும் ஜாவானியர் அதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'வெதுஸ் கெம்பெல்'. சுருள் மயிர் அடர்ந்த செம்மறியாடு என்பது பொருள். சாம்பல் நிறத்தில் சுருண்டு சுருண்டு உருண்டுவரும் அம்மேகத்தைத் தொலைவிலிருந்து கண்டவர்கள் அப்பெயரின் பொருத்தத்தை உணர்வார்கள். கொல்லும் பொருளுக்கு வீட்டுப் பிராணியின் பெயர் வைத்திருப்பதில், அம்மக்களுக்கும் மலைக்கும் உள்ள பழக்கம் தெரிகிறது.

இவ்வாறு குழம்பு ஓர் அடுக்கு, சாம்பலும் கல்லும் ஓர் அடுக்கு என மாறி மாறிப் படிந்து உயர்வதனால் இத்தகைய மலைகளை அடுக்கு எரிமலை என்கிறோம். அழகிய கூம்பு வடிவம் இதற்கு உண்டு; உறுதி குறைவு. மெராப்பி ஒரு முறை தானே பெரிதாக இடிந்து விழுந்திருக்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பழைய மலையின் மேற்குப் புறம் பெயர்ந்து போய்விட்டது. மிச்சம் நின்ற கிழக்கு விளிம்பை இன்றும் பிறை வடிவான வரம்பாகக் காணலாம். இன்றைய கூம்பு அந்த இடிபாட்டின் மடியில் எழுந்த புதிய மலையே. உச்சி விளிம்பின் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே கனல் மேகம் இறங்கும். பழைய வரம்பு காவலாக நிற்பதனால் கிழக்கே அது இறங்குவது அரிது; மேற்கும் தென்மேற்கும் தெற்கும் அடிபடுகின்றன.

மணிமேகலை சாவகம் என்று குறிப்பிடும் நாடு ஜாவாவே என்பது பலர் கொள்கை. மெராப்பியின் மேற்கே, கூனுங் வுக்கிர் என்னும் குன்றில், கி.பி. 732-ஆம் ஆண்டைச் சேர்ந்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. சஞ்சயன் என்னும் அரசன் சிவலிங்கம் நிறுவிய செய்தியை அது கூறுகிறது. அதன் எழுத்து பல்லவ எழுத்து. காஞ்சி அரசர்களின் நாட்டில் வழங்கிய வடிவம். அடுத்த நூற்றாண்டில் அம்மலையின் தெற்குச் சமவெளியில் பிரம்பானான் சிவாலயமும், மேற்கே போரோபுதூர் என்னும் பௌத்தப் பெருங்கோயிலும் எழுந்தன. அக்கோயில்களுக்குக் கல் தந்ததும் மண் தந்ததும் எரிமலைகளே. கொடுத்த அவையே திரும்பவும் மூடின.

1966-ஆம் ஆண்டு, யோக்யகர்த்தாவுக்குக் கிழக்கே சம்பிசாரி என்னும் ஊரில் நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்த உழவர் ஒருவரின் மண்வெட்டி செதுக்கிய கல் ஒன்றில் இடித்தது. தொல்பொருள் துறையினர் தோண்டத் தோண்ட, ஆறரை மீட்டர் ஆழத்தில், ஒரு முழுச் சிவன் கோயில் வெளிப்பட்டது. கருவறையில் லிங்கம், புற மாடங்களில் துர்க்கை, கணபதி, அகத்தியர். கோயிலை மூடியிருந்தது மெராப்பியின் சாம்பல் மண். மலையுச்சியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இடம் அது. 2009-ஆம் ஆண்டின் இறுதியில், அதே பகுதியில் ஒரு பல்கலைக்கழகக் கட்டிடத்திற்கு அடித்தளம் தோண்டியபோது மற்றொரு சிறு கோயில் அவ்வாறே கிடைத்தது.

பத்தாம் நூற்றாண்டில் மாதரம் அரசு தன் தலைநகரை இச்சமவெளியிலிருந்து கிழக்கு ஜாவாவுக்கு மாற்றிக்கொண்டது. 1006-ஆம் ஆண்டில் மெராப்பி பெரிதாக வெடித்து, இடிந்து, நாட்டையே அழித்தது என்று வான் பெம்மலன் என்னும் டச்சு நிலவியலார் 1949-இல் எழுதினார். கேட்பதற்குச் சுவையான வரலாறு; பள்ளிப் புத்தகங்களிலும் பரவிற்று. ஆனால் தலைநகர் மாறியது 929-ஆம் ஆண்டை ஒட்டி, 1006 அல்ல. பின்னாளில் மண்ணடுக்குகளைக் காலக்கணக்கு செய்தவர்களுக்கும் அப்படி ஒரே ஒரு பேரழிவின் சுவடு கிடைக்கவில்லை. பல நூற்றாண்டுகளில், பல சீற்றங்களில், ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆறுகள் கொணர்ந்த சாம்பல் மண்ணே கோயில்களைச் சிறிது சிறிதாகப் புதைத்தது எனக் கொள்வதே பொருத்தம். ஒரே நாளில் அழிந்தது என்பதைவிட இது கவனிக்கத்தக்க செய்தி என்று தோன்றுகிறது. மக்கள் அவ்வளவு காலமும் அங்கேயே இருந்து, சாம்பலை அகற்றி, மீண்டும் விதைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுக் குறிப்புகளை இங்கே விட்டுவிடலாம். 1872 ஏப்ரலில் நிகழ்ந்தது அந்நூற்றாண்டின் மிகப் பெரிய சீற்றம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னே, 1865-இல், ராடன் சாலே என்னும் ஜாவானிய ஓவியர் மெராப்பி இரவில் கனல்வதை வண்ணத்தில் தீட்டியிருந்தார். 1872-க்குப் பின் 138 ஆண்டுகள் அந்த அளவு வெடிப்பு நிகழவில்லை. கும்மட்டம் வளரும், இடியும், கனல் மேகம் ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் நின்றுவிடும். மெராப்பியின் வழக்கம் என்று மக்கள் அறிந்ததும், அறிஞர்கள் ஏடுகளில் எழுதியதும் இந்த இடைக்காலத்து நடத்தையைத்தான்.

இடையில் ஒரு விலக்கு 1930-இல் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 18-ஆம் நாள் மேற்குச் சரிவில் இறங்கிய கனல் மேகங்கள் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று பல ஊர்களை அழித்தன. 1,369 பேர் மாண்டனர். அப்போது அங்கே கண்காணிப்பு இல்லாமலில்லை. 1919-இல் கிழக்கு ஜாவாவில் கெலூட் எரிமலை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, டச்சு ஆட்சியினர் மறு ஆண்டே எரிமலைக் கண்காணிப்புப் பணி ஒன்றைத் தொடங்கியிருந்தனர்; 1924-இல் மெராப்பியில் நில அதிர்ச்சிமானியும் வைக்கப்பட்டது. கருவி இருந்தது, அது சொல்வதை ஊராரிடம் சேர்த்து, வேளை தவறாமல் அவர்களை இறக்கிவரும் ஏற்பாடு வளரவில்லை.

இன்று மலையைச் சுற்றி ஐந்து காவல் நிலையங்கள் உள்ளன. கண்காணிப்பின் தலைமையகம் யோக்யகர்த்தாவில் இருக்கிறது. குழம்பு மேலேறும்போது பாறை விரிசல் விடும் அதிர்ச்சி ஒரு வகை. கும்மட்டம் வளரும்போது உண்டாகும் அதிர்ச்சி வேறு வகை. கற்கள் உருளும் அதிர்ச்சி மற்றொன்று. பழகிய கண்ணுக்கு அதிர்ச்சிமானி வரையும் கோடுகளில் இவை தனித்தனியே தெரியும். உச்சிக்கருகே கண்ணாடிகள் பதித்து, கீழிருந்து ஒளிக்கற்றையைச் செலுத்தி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிறார்கள். தூரம் குறைந்தால் மலை அப்பக்கம் உப்புகிறது என்பது பொருள். வெளிவரும் கந்தக வாயுவின் அளவையும் கணக்கிடுகிறார்கள். இவற்றையெல்லாம் சீர்தூக்கி நான்கு படிகளில் எச்சரிக்கை விடுவர். நோர்மால் என்பது இயல்பு நிலை. வஸ்பாதா என்பது விழிப்பு. சியாகா என்பது ஆயத்தம். ஆவாஸ் என்பது அபாயம், உடனே வெளியேற வேண்டிய நிலை.

இவ்வளவு அபாயமிருந்தும் மக்கள் ஏன் அங்கே வாழ்கிறார்கள் என்று தொலைவில் இருப்பவர் கேட்பர். சாம்பல் மண் செழிப்பானது. தெற்குச் சரிவில் சாலாக் என்னும் பழத்தோட்டங்கள். மேலே புல்லும் கறவை மாடுகளும். ஆற்றுப்படுகையில் கட்டிடத்திற்கு விலைபோகும் மணலும் கல்லும். மலை கொண்டுவந்து கொட்டுவதை அள்ளி விற்றே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. மலையை அவர்கள் உயிருள்ள ஒன்றாகக் கருதுவர். யோக்யகர்த்தா அரண்மனையிலிருந்து ஆண்டுதோறும் மலைக்குக் காணிக்கை செல்வது வழக்கம். அதனை முன்னின்று நடத்த 'மலையின் திறவுகோல் காப்பவர்' என்ற பொறுப்பு ஒருவருக்கு அளிக்கப்படும். வெளியேறச் சொல்வது இவர்களுக்கு எளிய கட்டளையன்று. பால் கறக்காமல் விட்ட மாடு என்னாகும், காவலற்ற வீடு என்னாகும் என்ற கேள்விகளுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

1994 நவம்பர் 22-ஆம் நாள் காலையில் கும்மட்டம் தென்புறமாக இடிந்தது. நெடுங்காலமாக மேற்கையும் தென்மேற்கையும் நோக்கியே இறங்கிவந்த மேகம் அன்று துர்கோ என்னும் ஊர் வரை வந்தது. அங்கே ஒரு திருமணம் நடந்துகொண்டிருந்தது. அச்சீற்றத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

2006-ஆம் ஆண்டு மலை மீண்டும் கும்மட்டம் கட்டியது. மே 27-ஆம் நாள், மலைக்குச் சம்பந்தமில்லாமல், யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே பெரும் நிலநடுக்கம் ஒன்று நேர்ந்து 5,700-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பின் கும்மட்டம் முன்னிலும் வேகமாக வளர்ந்து இடிந்தது. உச்சியின் தென்விளிம்பில் 'முதலை முதுகு' என்று மக்கள் பெயரிட்டழைத்த பாறை வரம்பு ஒன்று, தெற்கே உள்ள ஊர்களுக்கு மதிற்சுவராக இருந்துவந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் அது சரிந்தது. ஜூன் 14-ஆம் நாள் கனல் மேகம் கெந்தோல் ஆற்றுப் பள்ளத்தின் வழியே ஏழு கிலோமீட்டர் இறங்கிற்று. காலியாதெம் என்னுமிடத்தில் நிலவறைக்குள் ஒதுங்கிய தொண்டர் இருவர் மேலே படிந்த சூட்டில் மடிந்தனர்.

அவ்வாண்டு திறவுகோல் காப்பவராக இருந்தவர் மரிஜான் என்னும் முதியவர். உச்சிக்கு மிக அண்மையிலுள்ள கினாரெஜோ என்னும் ஊரில் அவர் வாழ்ந்தார். அப்பொறுப்பை முந்தைய சுல்தானிடமிருந்து பெற்றவர். இன்றைய சுல்தான் இறங்கிவரச் சொல்லியும் வரவில்லை. கனல் மேகம் பக்கத்துப் பள்ளத்தில் சென்றது. அவர் ஊர் தப்பியது. நாடெங்கும் அவர் புகழ் பரவியது. மலையின் குணம் அறிந்தவர் அவர்; ஆகவே தப்பினார் என்று பலர் நம்பினர். ஆனால் அவ்வூரைக் காத்துவந்த வரம்பு அதே மாதத்தில் போய்விட்டது என்பதையும், இனி மேகம் வரும் வழி அவ்வூரை நோக்கித் திறந்திருக்கிறது என்பதையும் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

2010 செப்டம்பரில் அதிர்ச்சிகள் பெருகின. அக்டோபரில் அவை முந்தைய சீற்றங்களின் முன்னறிகுறிகளை யெல்லாம் விஞ்சின. மலையின் தெற்குப் புறம் நாளொன்றுக்குப் பல சென்டிமீட்டர் வெளியே தள்ளியது. ஆயினும் உச்சியில் கும்மட்டம் தென்படவில்லை. கும்மட்டம் தோன்றும், வளரும், பிறகே இடியும் என்னும் வழக்கத்தின்படி பார்த்தால் இன்னும் நாளிருந்தது. கருவிகளை நம்பியவர்கள் அவ்வாறு காத்திருக்கவில்லை. அக்டோபர் 25-ஆம் நாள் காலை எச்சரிக்கையை நான்காம் படிக்கு உயர்த்தி, பத்துக் கிலோமீட்டர் வட்டத்திலுள்ளோரை இறங்கச் சொன்னார்கள். மறுநாள் மாலை ஐந்து மணியளவில், கும்மட்டமே இல்லாமல், மலை நேரே வெடித்தது. மேகம் கினாரெஜோவின் மேல் சென்றது. இறங்க மறுத்த மரிஜானும், அவரை அழைத்துவரச் சென்றவர்கள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோரும் இறந்தனர். அவர் தொழுகையில் குனிந்த நிலையில் காணப்பட்டார் என்றனர். அவருடைய பற்றுறுதியைப் பழிப்பது நம் வேலையன்று. ஆனால் அவர் இருந்ததனால் தாமும் இருந்தவர்களை நினைக்காமலிருக்க முடியவில்லை.

அதன் பிறகு கும்மட்டம் எழுந்தது. மெராப்பியில் எவரும் கண்டிராத வேகத்தில் வளர்ந்தது. மேகமும் மழையும் உச்சியை மூடிக்கொண்டிருந்தபடியால் கண்ணால் எதுவும் காண இயலவில்லை. செயற்கைத் துணைக்கோள்கள் மேகத்தை ஊடுருவும் ராடார் கொண்டு எடுத்த படங்கள் சில மணி நேரங்களுக்குள் யோக்யகர்த்தாவை எட்டின. கும்மட்டத்தின் பருமனை அவற்றிலிருந்தே கணித்தார்கள். நவம்பர் 3-ஆம் நாள் அபாய வட்டம் 15 கிலோமீட்டராயிற்று. 5-ஆம் நாள், நள்ளிரவை ஒட்டி, 20 கிலோமீட்டர் என்றனர். நாட்டின் எரிமலைத் துறைத் தலைவர் சுரோனோவும் அவருடைய உதவியாளர்களும் வட்டத்தை இரு நாளில் இவ்வாறு விரித்தது, நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கத்தை மீறி எடுத்த முடிவு. தவறியிருந்தால் பல இலட்சம் மக்களை வீணாக அலைக்கழித்தார்கள் என்ற பழி அவர்களைச் சேர்ந்திருக்கும்.

அன்றிரவே மலை தன் பெருஞ்சீற்றத்தைக் காட்டியது. கெந்தோல் பள்ளத்தாக்கின் வழியே மேகம் 15 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றது. ஆற்றோர ஊர்களில் இன்னும் வெளியேறாதிருந்தவர்கள் உறங்கிய இடத்திலும் ஓடிய வழியிலும் மடிந்தனர். மாடுகளுக்குப் புல் வைப்பதற்காக முகாமிலிருந்து பகலில் மேலேறிப் போய்வந்தவர்கள் அந்நாட்களில் பலர். மொத்தத்தில் இறந்தோர் 350-க்கும் மேற்பட்டவர். வெளியேறியோர் ஏறக்குறைய நான்கு இலட்சம். வட்டத்தை வேளையில் விரித்ததனால் பதினாயிரம் முதல் இருபதினாயிரம் உயிர்கள் வரை தப்பின என்பது பின்னர் அறிவியலார் செய்த மதிப்பீடு. போரோபுதூரின் புத்தர் சிலைகள் மீதும் சாம்பல் படிந்தது. அது கல்லை அரிக்கும் தன்மையதாகையால், தொண்டர்கள் வாரக்கணக்கில் அதைத் துடைத்தெடுத்தனர்.

சீற்றம் அடங்கியபின் மழை தன் வேலையைத் தொடங்கிற்று. சரிவுகளிற் கிடந்த சாம்பலும் கல்லும் மழைநீரோடு கலந்து, நனைந்த சிமெண்டு போல ஆறுகளில் இறங்கின. வீடளவு பாறைகளையும் உருட்டிவந்தன. இச்சேற்று வெள்ளத்திற்கு ஜாவானியர் இட்ட 'லஹார்' என்னும் பெயரையே உலகத்து எரிமலை நூல்கள் எல்லாம் எடுத்துக்கொண்டன. 2011 ஜனவரியில் புத்தி ஆற்றில் வந்த லஹார், யோக்யகர்த்தாவையும் மாகெலாங்கையும் இணைக்கும் பெருஞ்சாலையை அறுத்துவிட்டது. ஆறுகளின் குறுக்கே பல படிகளாகத் தடுப்பணைகள் கட்டப்பட்டுள்ளன. சாபோ என்னும் ஜப்பானிய முறை அது. அவற்றுட் பல அந்த ஒரே மழைக்காலத்தில் நிரம்பியும் உடைந்தும் போயின. சம்பிசாரிக் கோயில் எவ்வாறு மண்ணுக்குள் சென்றிருக்கும் என்பதை இந்த மழைக்காலம் கண்கூடாகக் காட்டியது எனலாம்.

பின்னர் மேலூர்கள் சிலவற்றைக் குடியிருப்புக்கு உகந்தவையல்ல என்று அரசாங்கம் அறிவித்து, கீழே புது வீடுகள் கட்டித் தந்தது. பகலில் மேலே சென்று பயிர் செய்யலாம். இரவில் கீழே வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு; மறுத்துப் பழைய இடத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு. மாகெலாங் மாவட்டத்தார் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. அபாய எல்லைக்குள் இருக்கும் ஒவ்வோர் ஊரையும் எல்லைக்கு வெளியே இருக்கும் ஓர் ஊரோடு இணைத்து, 'உடன்பிறந்த ஊர்கள்' என்று பெயரிட்டனர். எந்த ஊரார் எந்த ஊருக்குச் செல்வது, எங்கே தங்குவது என்பது முன்னரே முடிவாகியிருக்கும். 2010-இல் மக்கள் இன்ன இடமென்று அறியாமல் முகாம் முகாமாக அலைந்ததைக் கண்டு செய்த ஏற்பாடு இது.

2018 ஆகஸ்டில் உச்சியில் புதிய கும்மட்டம் எழத் தொடங்கிற்று. 2020 நவம்பர் 5-ஆம் நாள் எச்சரிக்கையை மூன்றாம் படிக்கு உயர்த்தினர்; பல ஆண்டுகள் அப்படியிலேயே வைத்திருந்தனர். 2021 முதல் ஒன்றல்ல, இரண்டு கும்மட்டங்கள். ஒன்று தென்மேற்கு விளிம்பில், மற்றொன்று வாயின் நடுவே. 2023 மார்ச்சு 11-ஆம் நாள் கனல் மேகங்கள் இறங்கி, மேற்கே உள்ள ஊர்களின் கூரைகளெல்லாம் சாம்பல் போர்த்தன. பழைய முறைப்படியே கும்மட்டம் வளர்வதும் இடிவதுமாக மலை நடந்துகொண்டது. ஆனால் மலையின் முறை இதுதான் என்று அடித்துச் சொல்வோர் இப்போது குறைந்துவிட்டனர். 2020-இல் மூன்றாம் படி அறிவிக்கப்பட்ட அந்த வாரத்திலேயே, மேலூர்களிலிருந்து முதியோரும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதலில் இறக்கப்பட்டனர். அவர்களுக்குப் பின்னே லாரிகளில் மாடுகளும் வந்தன. அவற்றுக்கென்று கீழே தனிக் கொட்டில்கள் போட்டு, புல்லுக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.